தவறணையைப் பற்றி மாஸ்டர் எழுதாமல் விட்டது

1

ஜெர்மனியின் இந்த மூலையில் சிதறிக் கிடக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். சங்கம் வருடா வருடம் சித்திரையில் ஒரு மலர் போடும். இந்த வருட மலரில் ஊர்க் கோயில், ஊர்ப் பள்ளிக்கூடம், ஊர்ப் பலகாரம் எல்லாம் முடிந்து பின்பக்கம் போனால், கொழும்புத்துறைக் கள்ளுத் தவறணையைப் பற்றி ஒரு கட்டுரை. எழுதியவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. தவறணையில் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வோம். போன வருடம்தான் மகனிடம் வந்து சேர்ந்தவர்.

கட்டுரை நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவன் சின்னவன் என்ற பேதம் மறந்து எல்லாரும் ஒரே வாங்கில் இருந்தோம் என்று எழுதியிருந்தார். கடற்காற்றைப் பற்றி எழுதியிருந்தார். கடைசியில், "என் அருமை நண்பர் திரு. கனகர் அவர்கள் இறக்கிய கள்ளின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது" என்று முடித்திருந்தார்.

திரு. கனகர் அவர்கள் என் தகப்பன். நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். முப்பத்தைந்து வருடம் பனை ஏறியவர், இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். மாஸ்டர் அவரைக் கனகர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கனகன். 'ர்' போடுவதற்கு அவருக்கு ஒரு விமானமும் ஒரு கண்டமும் தேவைப்பட்டிருக்கின்றன.

என் மனைவி ராணி கட்டுரையை வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறார். கிணத்தைத்தான் விட்டிட்டார்," என்றாள்.

அவர் விட்டதை நான் எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களுக்கு அல்ல. இங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், தெரியாததுபோல் இருக்கவும் தெரியும். ஊருக்குப் போகிற ஒருவரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே இப்போது கடுதாசிக்குத் தட்டுப்பாடாம், பள்ளிக் கொப்பித் தாளிலென்றாலும் யாராவது அச்சடிப்பார்கள்.

2

எண்பத்து மூன்றிலிருந்து தொண்ணூறு வரை அந்தத் தவறணையில் கள்ளு வார்த்தவன் நான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பனை ஏறுகிறவர்களின் சீவல் தொழிலாளர் சங்கம் நடத்திய தவறணை அது. காலையிலும் பின்னேரமும் எங்கள் ஆட்கள் முட்டிகளில் கொண்டுவந்து பீப்பாவில் ஊற்றுவார்கள், நான் அளந்து கொடுப்பேன். உள்ளே இரண்டு நீள மர வாங்கு இருந்தது உண்மை. கடலில் இருந்து வருகிறவர்களும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களும் அதில் இருந்து, பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் குடிப்பார்கள். மாஸ்டர் அந்த வாங்கில் ஒருநாளும் இருந்ததில்லை. பின்பக்கத்து வேப்பமரத்தின் கீழே அவருக்கென்று ஒரு கதிரை. கைலேஞ்சியில் சுற்றிய அவருடைய சொந்தக் கண்ணாடிக் கிளாஸ். நான் கழுவிக் கொடுத்ததை அவர் தானும் ஒருதரம் கழுவித்தான் நீட்டுவார்.

ஆனால் அவர் அந்த இடத்தை நேசித்தார். இதை எழுதக் கை வரவில்லை, என்றாலும் எழுதத்தான் வேண்டும். வீடு இணுவில். பள்ளிக்கூடம் பட்டணத்தில். பள்ளி விட்டதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கமாகச் சைக்கிளை மிதித்து எங்களிடம் வருவார். இணுவில் பக்கத்தில் கள்ளுக் கிடையாதா? கிடைக்கும். அங்கே குடித்தால் ஊர் காணும், கொழும்புத்துறையில் காணாது. என் கணக்கு அது. அவர் சொன்ன காரணம் வேறு. கனகனின் கள்ளுக்காக வருகிறேன் என்றார்.

அதிலும் பொய் இல்லை. அப்புவின் கள்ளைப் பீப்பாவில் கலக்காமல் சின்ன முட்டியில் தனியே வைத்திருப்பேன். மாஸ்டர் ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். இது கரையில் நிற்கிற பனை, இது கல்லறைகள் இருக்கிற சேமக்காலை மதிலோடு நிற்கிற பனை என்று சொல்லுவார். பிழைத்ததில்லை. அப்பு பக்கத்தில் நின்று, சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கின பிள்ளைபோலச் சிரிப்பார். மாஸ்டர் கதிரையில், அப்பு நிலத்தில் நின்றபடி, மணிக்கணக்காகக் கதைப்பார்கள். காற்று, மழை, பாளை, அப்புவின் முழங்கால். முழங்காலுக்கு மாஸ்டர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒருமுறை அப்பு காய்ச்சலாக ஒரு கிழமை கிடந்தார். அந்தக் கிழமை முழுக்க மாஸ்டர் வந்து, விசாரித்து, வேறு கள்ளு வேண்டாமென்று வெறும் வாயோடு திரும்பிப் போனார். அந்தத் தூரத்தை எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், தெரியும்.

வேப்பமரத்தின் கீழே வைத்துத்தான் ஒருநாள் அவர் சொன்னார். "பிரச்சினை எண்டால் யோசியாதை கனகன். இணுவிலுக்கு வா. என்ரை வளவு இருக்கு."

அப்பு அதை ஒரு மாதமாக வீட்டில் சொல்லித் திரிந்தார்.

3

இங்கே நான் குடிக்கிற இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் மட்டும் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

எங்கள் சின்னப் பட்டணத்தில் யோசெப் என்பவர் பியர் வடித்து, வடித்த இடத்திலேயே விற்கிறார். தகப்பன் வழித் தொழில். முன்னால் மேசைகள், பின்னால் செப்புக் கொப்பரைகள். போத்தலில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவதில்லை. குடிக்க வேண்டுமென்றால் அங்கே போகவேண்டும். நான் வந்த புதிதில் அகதிகளுக்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. பக்கத்து மாவட்டத்தில் ராணியின் மச்சானுக்குக் கலியாணம். கந்தோரில் நான்கு தரம் படிவம் கொடுத்தேன். கலியாணம் முடிந்து ஒன்பது நாளில் அனுமதி வந்தது. யோசெப்பின் கடை மாவட்டத்துக்கு உள்ளே இருந்தது. நான் அங்கே போகத் தொடங்கியது அப்படித்தான்.

முதல் நாள், அடுப்போரத்தில் இருந்த பெரிய மேசையில் போய் இருந்தேன். ஒரு கிழவன் வந்து எழும்பு என்று கையைக் காட்டினான். அது நிரந்தர வாடிக்கைக்காரரின் மேசையாம், கூப்பிடாமல் இருக்கக்கூடாதாம். எழும்பிப் போய்க் கதவடியில் இருந்தேன். எழும்புவதில் எனக்குப் பழக்கம் உண்டு. பிறகு அங்கேயே பீப்பா கழுவும் வேலை கிடைத்தது. ஒருநாள் யோசெப் சாப்பாடு போட்டார். வயிறு நிறைந்தது என்று சொல்ல நினைத்து, தெரிந்த சொற்களைக் கோத்து "நான் நிறைந்துவிட்டேன்" என்றேன். அவர்கள் மொழியில் அதற்கு வெறி தலைக்கேறிவிட்டது என்று அர்த்தமாம். ஒரு மிடறும் குடிக்காமல் அப்படிச் சொன்னவனைப் பார்த்துக் கடை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அந்தக் கிழவன்தான் பெரிய மேசையில் நகர்ந்து இடம் விட்டான். இப்போது சனிக்கிழமைகளில் என் இடம் அதுதான். எனக்கு அந்த இடம் பிடிக்கும். புளித்த மாவின் மணமும், யோசெப்பின் றபர் சப்பாத்துச் சத்தமும், யாரும் என்னை ஒன்றும் கேட்காமல் இருப்பதும் பிடிக்கும்.

எங்கள் ஆட்கள் கேட்பார்கள். அகதி விசாரணை நடந்த அன்று மொழிபெயர்க்க வந்தவர் ஒரு தமிழர். அதிகாரி கேட்ட கேள்விகளுக்கு நடுவில், தன் பங்குக்கு, மெதுவாக ஒன்று கேட்டார். "கொழும்புத்துறையிலை எந்தப் பக்கம்?" சொன்னேன். அதற்குப் பிறகு என்னை நீ என்றார். உன்னைத் துன்புறுத்தியது யார் என்று அதிகாரி கேட்டார். குண்டு போட்ட விமானத்தைச் சொன்னேன். வேறு யாராவது உண்டா என்று கேட்டார். இல்லையென்று சொன்னேன். அதை யார் வாயால் சொல்வது, அந்த மொழிபெயர்ப்பாளர் வாயாலா?

4

தொண்ணூறில் ஆமி இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது பட்டணத்தில் தினமும் விமானம் வந்து குண்டு போட்டது. ஒரு காலையில் எங்கள் ஒழுங்கையில் விழுந்தது. வீட்டுக் கூரை எரிந்து போயிற்று. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அம்மா அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். அப்பு, நான், ராணி, இரண்டு வயது மகள் சுதா. சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இணுவிலுக்கு நடந்தோம்.

மாஸ்டர் படலையைத் திறந்தார். முகத்தில் சந்தோசம்தான். முன்வாசலால் அல்ல, வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய், புகையிலையைத் தொங்கவிட்டு உணர்த்துகிற குடிலைத் திறந்துவிட்டார். நல்ல குடில்தான், மழை ஒழுகாது. புகையிலைக் காரத்தில் பிள்ளை தும்மியது. அப்பு கையைக் கட்டிக்கொண்டு, "இது எங்களுக்கு மாளிகை ஐயா," என்றார்.

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி, வாளியை மட்டும் தொடவேண்டாம், மனிசி ஒரு மாதிரி, தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிட்டால் அள்ளி ஊற்றுவாள் என்றார். அது தனக்குத் தெரியாதா என்று அப்பு சொன்னார். மாஸ்டரின் மனைவி ஊற்றத்தான் செய்தார். குறைசொல்ல மாட்டேன், கேட்ட போதெல்லாம் ஊற்றினார். நாங்கள் குடத்தைக் கீழே பிடிப்போம், அவர் மேலேயிருந்து, வாளி குடத்தில் படாமல் ஊற்றுவார்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அவர்கள் இருவரும் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டார்கள். அப்புவும் எங்கேயோ போயிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. குடத்தில் தண்ணீர் இல்லை. ராணி என்னைப் பார்த்தாள். நான் போய் வாளியை விட்டு அள்ளினேன். இரண்டாவது வாளியை இழுக்கும்போது அவர்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

யாரும் என்னை ஏசவில்லை. மாஸ்டர் பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். பனடோல் தந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் தண்ணீர் இறைக்கும் மிசினின் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் எப்படி இருந்த காலம் என்று உங்களுக்குத் தெரியும். ஜாம் போத்தலில் திரியைப் போட்டு, சொட்டுச் சொட்டாக எரித்துக்கொண்டிருந்த காலம். புகையிலைத் தோட்டம் வாடினாலும் மிசினை எடுக்காமல் துலாவால் இறைத்தவர் மாஸ்டர். அவர் ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கானைக் கொண்டுவந்து மிசினுக்கு ஊற்றி, சட்டையைக் கழற்றிவிட்டு, கயிற்றைச் சுற்றி மூன்று தரம் இழுத்தார். மூன்றாம் தரத்தில் மிசின் பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் முழுவதும் வெளியே வந்தது. ஊற்று வாய் தெரியும்வரை இறைத்தார். மதியம் ஆயிற்று. மேலே ஒரு ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. அயலில் எல்லாரும் பங்கருக்குள் போனார்கள். அவர் போகவில்லை. பிறகு மனைவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

நான் குடில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பெரிதில்லை. இறைத்த தண்ணீர் வாய்க்காலை உடைத்து முற்றத்துக்குள் பாய்ந்தது. அப்பு என்ன செய்தார் தெரியுமா? சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலை வெட்டி, வாழைப் பக்கம் திருப்பிவிட்டார். ஒருவரும் சொல்லாமல். மகன் தொட்டதால் வெளியே போகிற தண்ணீருக்குத் தகப்பன் வழி வெட்டிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் சுன்னாகப் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் ஒருவரிடம் போய், அப்பு ஒரு முட்டி கள்ளு வாங்கி வந்தார். மாஸ்டர் மாமரத்தின் கீழே கதிரையைப் போட்டு, கைலேஞ்சியை அவிழ்த்துக் கிளாசை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். அது அப்புவின் கையால் இறக்கியதல்ல என்று உடனே சொன்னார். அப்பு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அப்புவைக் குடிலுக்குப் பின்னால் கூப்பிட்டு, நாளைக்கு வெளிக்கிடுவோம் என்றேன். கிணற்றை இறைத்ததைப் பார்த்தும் கள்ளு வாங்கிக் கொடுக்க எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

"எங்களை ஏற்ற மனிசனடா," என்றார் அப்பு. "குண்டுக்குள்ளை படலையைத் திறந்து விட்டவர். அவையின்ரை வழக்கம் அது. நீ ஏன் தொட்டனி?"

நீ ஏன் தொட்டாய் என்று என்னைக் கேட்டது மாஸ்டர் அல்ல, அவர் மனைவி அல்ல, என் அப்பு. நான் ராணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மானிப்பாயில் அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போனேன். அப்பு வரவில்லை. கோட்டைச் சண்டை அடங்கும்வரை அந்தக் குடிலிலேயே இருந்து, பக்கத்துக் காணிப் பனைகளில் ஏறி, மாஸ்டருக்குக் கள்ளு இறக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் நாங்கள் மூவரும் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். போகும்போது அப்புவிடம் சொன்னேன், அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவில்லை.

5

மலர் வந்த கிழமையே மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். சங்கச் செயலாளரிடம் என் இலக்கம் வாங்கினாராம். வாசித்தாயா என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். கனகரின் மகனைப் பார்க்கவேண்டும், நல்ல பியர் வடிக்கிற இடம் உன்னுடைய ஊரில் இருக்கிறதாமே என்றார். மகன் சனிக்கிழமை மத்தியானம் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டான்.

மாஸ்டர் நன்றாக மெலிந்திருந்தார். மனைவி ஊரிலேயே காலமாகிவிட்டார். மகனின் வீட்டில் பேரப்பிள்ளைகள் தன்னோடு கதைப்பதில்லை, தான் கதைத்தால் அவர்களுக்கு விளங்குவதில்லை என்று வரும் வழியில் சொன்னார். ஒரு நிமிடம் இரக்கம் வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொள்ள எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

யோசெப்பின் கடையில் பெரிய மேசைக்குக் கூட்டிப் போனேன். கிழவன் நகர்ந்து இடம் விட்டான். மாஸ்டரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் எழுதிய ஒரே வாங்கு அன்றைக்குத்தான் உண்மையானது. யோசெப் மண்நிறப் பியரை இரண்டு கிளாசில் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் ஒரு மிடறு வைத்துக் கண்ணை மூடினார். பிறகு ஆங்கிலத்தில், இவனுடைய தகப்பனாரும் உங்களைப்போல ஒருவர், எங்கள் நாட்டிலேயே அவருக்கு நிகர் இல்லை என்றார். அதை நானே யோசெப்புக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

யோசெப் கையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் தகப்பனும் என் தொழிலா, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை? எங்கள் ஊரில் அப்புவின் தொழிலின் பெயரை வசவாகத்தான் நான் கேட்டிருக்கிறேன். இங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. யோசெப் மற்ற மேசைகளுக்கும் கேட்கிறமாதிரி அதைச் சொன்னார். எல்லாரும் என் அப்புவுக்காகக் கிளாசைத் தூக்கினார்கள். மாஸ்டரும் தூக்கினார். அந்த மரியாதையைத் தானே வாங்கிக் கொடுத்த மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் யோசெப்பிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த அளவில். போரில் இவர் வீட்டில் இருந்தோம், பிள்ளைக்குக் காய்ச்சல், நான் இவர் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன், அதனால் அடுத்த நாள் கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே ஊற்றினார். யோசெப்புக்கு விளங்கவில்லை. தண்ணீருக்குள் ஏதும் விழுந்ததா என்று கேட்டார். இல்லை, நான் தொட்டேன் என்றேன். உன் கை அழுக்காக இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பரையைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னனி தம்பி?" என்று கேட்டார் மாஸ்டர்.

"கிணறு இறைச்சதைச் சொன்னன்."

கிளாசை வைத்தார்.

"அது மனிசியின்ரை பிடிவாதம்," என்றார். "அவவும் இப்ப இல்லை."

"மிசின் கயித்தை நீங்கள்தான் இழுத்தனீங்கள் மாஸ்டர். மூண்டு தரம்."

"உன்ரை அப்பு என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லையே," என்றார். உண்மையில் அதைத்தான் இத்தனை வருடமும் பற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கனகன் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை.

அப்பு சொல்லமாட்டார், அதனால்தான் நான் சொல்கிறேன் என்றேன். ஒரே வாங்கு என்ற பகுதியைத் திரும்ப எடுக்கிறேன் என்று சங்கத்தின் மடலில் போடட்டுமா என்று கேட்டார். எதையும் எடுக்க வேண்டாம், இதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். எழுதுகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம். மகன் கார் ஹோனை அடித்தான். மிச்சப் பியரை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

6

ஆடியில் வந்த சங்கத்தின் செய்தி மடலில் மாஸ்டர் எழுதியிருந்தார். ஒடியற் கூழ் காய்ச்சும் முறை பற்றி.

நானே எழுதிச் செயலாளருக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். ஊரில் மறுபடியும் சண்டை, பலாலிப் பக்கமெல்லாம் சனம் இடம்பெயர்கிறது, ஒற்றுமை வேண்டிய நேரத்தில் பழையதைக் கிளறுகிறாய் என்று எழுதிய ஒரு துண்டுத் தாளும் வைத்திருந்தார். எனக்கு வேறொன்று தோன்றியது. இடம்பெயர்கிற சனம் இப்போது எந்தெந்தப் படலைகளுக்கு முன்னால் நிற்கிறது, எந்தக் கிணற்றடியில் குடத்தைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறது? இதைக் கிளற இதைவிட நல்ல நேரம் எது?

நான் எழுதியதை ராணி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது சுதா பக்கத்தில் இருந்து கேட்டாள். ஏழு வயது, தமிழ் அவளுக்குப் பல் முளைக்காத வாய்போல. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பப்பா ஏன் பொலிசைக் கூப்பிடேல்லை?" என்றாள். ராணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியான கேள்வி அது. எங்கள் வீட்டில் அதை முதல் கேட்டவள் அவள்தான்.

மாஸ்டர் அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. போகவும் மாட்டேன். யோசெப் மட்டும் இடைக்கிடை, அந்த வயோதிபர் எப்படி என்று கேட்கிறார். தெரியாது என்கிறேன்.

அப்பு, இதை யாரோ உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். மாஸ்டரை நாலுபேர் முன்னால் மானம் வாங்கிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். நான் அறிய நீங்கள் யாரையும் கோபித்ததில்லை. என்மேலென்றாலும் பரவாயில்லை, ஒருதரம் கோபப்படுங்கோ.